மூன்று நுனி

வேதாரண்யத்தில் எனக்கு மீன் வாங்கத் தெரியும்.
செவுளைத் தூக்கிப் பார்ப்பேன்,
கண்ணைப் பார்ப்பேன்,
விற்பவள் கண்ணையும்.
தருமபுரிக்கு மாற்றலாகி வந்த வாரம்
கத்தரிக்காய்க்குச் செவுள் எங்கே என்று
தெரியாமல் நின்றேன்.

பிடமனேரித் தெருமுனைக் கடையில்
குளிர்பெட்டிக்குள் கிடந்த பீன்ஸ்
குளுக்கோஸ் குழாய் மாதிரி வளைந்தது,
ஒடியவில்லை.
அதையும் வாங்கினேன். சமைத்தேன்.
பாதியைக் கொட்டினேன்.

கேட்டால் ஆளுக்கொரு வழி.
"உழவர் சந்தைதான் மேடம்,
ஆறரைக்குள்ள போயிடணும்.
ஏழு தாண்டினா
ஓட்டல்காரன் விட்டதுதான் நமக்கு"
என்றார் வார்டு உதவியாளர் தீர்த்தகிரி.
மருந்தகத்து ரொபீனா ஒத்துக்கொள்ளவில்லை:
"தக்காளின்னா பாலக்கோடு ரோடு.
புளியமரத்தடியில ஒரு தள்ளுவண்டி நிக்கும்."
எந்தப் புளியமரம் என்று கேட்க
அப்போது தோன்றவில்லை.

விடுப்பு நாளில் ஸ்கூட்டரில் போய்
பதினோரு புளியமரங்களை எண்ணினேன்.
பன்னிரண்டாவதன் கீழே வண்டி இருந்தது,
தக்காளி இல்லை.
"விலை ஏறிப்போச்சு அக்கா,
லாரிக்காரன் தோட்டத்துலயே அள்ளிட்டான்.
எறங்கட்டும், வாங்க,
ரோட்டுல கொட்டிக் கெடக்கும்"
என்றான் பையன்,
எனக்கு இரண்டு கிலோ கொய்யாவை விற்றபடி.

பிறகு ஒரு காலை.
இரவுப் பணி முடிந்து,
டெட்டால் வாசனை போகாத கையோடு
நேரே சந்தைக்குப் போய்விட்டேன்.
பென்னாகரம் பஸ்ஸிலிருந்து
முதலில் மூட்டைகள் இறங்கின,
அப்புறம் மனிதர்கள்.
கரும்பலகையில் ஒருவர்
நேற்றைய அவரை விலையை
உள்ளங்கையால் அழித்துக்கொண்டிருந்தார்.
ஈரச் சாக்குக்கு அடியில் சிறுகீரை.
வேரில் இன்னும் செம்மண்.
பத்து மணி நேரம் முனகல் கேட்ட காதுக்கு
அங்கே இருந்த சத்தமெல்லாம்
நல்ல உடம்பின் சத்தம்.

நாற்பத்தேழாம் கடை.
அட்டையில் புகைப்படம்: சாலம்மா, இண்டூர்.
என் வயதுதான் இருக்கும்.
எனக்குமுன் நின்றவருக்கு
கறிவேப்பிலை கொசுறு போட்டுக்கொண்டிருந்தாள்.
காய்களில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்க வேண்டும்.
ஒன்றை ஒடித்தேன். டிக்.
இன்னொன்று. டிக்.
மூன்றாவது ஒடிந்தபோது
தராசுத் தட்டு கீழே இறங்கியது.

"அன்னைக்கு என் கையில மூணு வாட்டி குத்துன.
இன்னைக்கு என் வெண்டைய மூணு ஒடிச்சிட்ட.
உனக்கு எதுவுமே மொத வாட்டியில ஆவாதா?"

முகம் நினைவில் இல்லை.
முழங்கை வரை புடவைத் தலைப்பை விலக்கி
நீட்டினாள்.
கையைத் தெரிந்தது.
தொட்டால் நழுவும் நரம்பு,
மணிக்கட்டுக்கு மேலே கடுகு போல் மச்சம்.
ஐப்பசி மழையில் டெங்கு,
பதினெட்டாம் படுக்கை,
தட்டணுக்கள் இருபத்தெட்டாயிரம்.
இரண்டு முறை தவறவிட்டு
மூன்றாவதில்தான் கிடைத்தது எனக்கு.

என்ன சொல்வதென்று தெரியாமல்
"இப்ப எப்படி இருக்கீங்க?" என்றேன்,
வார்டில் கேட்பதைப் போலவே.
"பாத்தா தெரியலயா" என்று
முழுசாக அரைக்கிலோ நிறுத்தாள்,
நுனி போன மூன்றையும்
மேலே வைத்து.
"ஒடிச்சது உன்னுது."
எனக்குக் கறிவேப்பிலை இல்லை.

மறுவாரமும் அதே கடைக்குத்தான் போனேன்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
கண்ணால் மட்டும் பொறுக்கினேன்,
நிறம் பார்த்து, மயிர்க்கால் பார்த்து.
அவள் என்னையே கவனித்தாள்,
ஊசி ஏற்றப்படும் ஆள்
ஊசியைக் கவனிப்பது போல.
ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை
பைக்குள் விழுந்தது.

வீட்டில் நறுக்கும்போது
இரண்டு முற்றல். கத்தி இறங்கவில்லை.
அவளிடம் சொல்லமாட்டேன்.
அன்று அந்த மூன்றாவது குத்துக்கும்
கண்ணை மூடிக்கொண்டு
பேசாமல்தானே படுத்திருந்தாள்.